ஒண்ணுமில்லீங்க, போய்ட்டு வாங்க

அந்த மேஸ்திரியைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல் என்று கேட்டால் தாராளமாகச் சொல்வேன். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே அவரைப்போல மோட்டார் வண்டி பழுதுபார்க்கத் தெரிந்த ஆள் அந்தக் காலத்தில் வேறு யாரும் கிடையாது. நல்லதைச் சொல்லியாயிற்று. மிச்சத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்தைய வருஷங்கள். பனமரத்துப்பட்டிக்குப் பிரிகிற இடத்தில், பெரிய ரோட்டின் ஓரமாக, தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்று இருந்தது. அதுதான் அவருடைய பட்டறை. எங்களுக்கு ராசிபுரம் பக்கம் ஊர். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த துரை ஒருவர் சீமைக்குப் போகும்போது விற்ற குட்டி லாரியை எங்கள் வீட்டுக்காரர் வாங்கியிருந்தார். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த மரப்பெட்டி. மேச்சேரிச் சந்தையில் ஆடு பிடித்து ஏற்றிவந்து இங்கே விற்பார். எனக்குப் பிறந்த வீடு சேலம் என்பதால் வண்டி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நானும் மகளைத் தூக்கிக்கொண்டு ஏறிவிடுவேன். பொம்பளை லாரியில் போகிறாள் என்று ஊரில் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். அப்படிப் போகும்போது பட்டறை வாசலில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து நான் பார்த்தது ஏராளம்.

மேஸ்திரிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. கறுப்பு எண்ணெய்க்குள்ளேயே நாளெல்லாம் கிடந்தாலும், வேலை முடிந்ததும் மண்ணெண்ணெயில் ஒரு தரம், சாம்பலில் ஒரு தரம், சீயக்காயில் ஒரு தரம் என்று கையைக் கழுவி, நகக்கண்ணைக் கூடத் துடைத்துவிடுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. வண்டி வைத்திருக்கிற அத்தனை பேரையும் "மொதலாளி" என்றுதான் கூப்பிடுவார். மரியாதைக்குக் கூப்பிடுகிறார் என்று புதிதாக வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டியில் ஒரு கோளாறைச் சரிசெய்தால் இன்னொரு கோளாறை வைத்து அனுப்புவார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே வைப்பார். பிளக்குக்குப் போகிற கம்பியை லேசாகக் கழற்றிவிடுவார். ரேடியேட்டருக்கு அடியில் தண்ணீர் இறக்குகிற திருகை அரைச் சுற்றுத் தளர்த்துவார். புகை போகிற குழாயில் கந்தலைச் சுருட்டித் திணிப்பார். பெட்ரோல் இறங்குகிற வழியைப் பாதி அடைத்து வைப்பார். பிறகு கையைக் கழுவிவிட்டு, கவிழ்த்துப்போட்ட மண்ணெண்ணெய் டின்னின்மேல் உட்கார்ந்து வெற்றிலை மடித்தபடி, "ஒண்ணுமில்லீங்க மொதலாளி, போய்ட்டு வாங்க" என்பார்.

கிளம்புவதற்கு முன்னால் வண்டிக்காரர் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் தலையை ஆட்டி ஒரு வெற்றிலை கொடுப்பார். கண்டுபிடிக்காதவர் ஏதாவது புளியமரத்தடியில் நின்றுகொண்டு, போகிற வருகிற மாட்டுவண்டிக்காரர்களிடம் கை நீட்ட வேண்டியதுதான். அதனால் அந்தப் பட்டறையிலிருந்து யாருமே வண்டியை எடுத்தவுடன் ஓட்டிக்கொண்டு போகமாட்டார்கள். குனிந்து, நிமிர்ந்து, தட்டி, முகர்ந்து, சுற்றிச் சுற்றி வருவார்கள். அதற்கு அவர்களே வைத்துக்கொண்ட பெயர் 'சாமி சுத்து'. பெரிய மனிதர்கள், கடைவீதியில் பத்துப் பேரை வேலை வாங்குகிறவர்கள், அந்தக் கொட்டகை வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தங்கள் வண்டியைத் தாங்களே பிரதட்சணம் வருவதைப் பார்த்தால் சிரிப்பு வரும். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது.

பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் மட்டும் கை வைக்கமாட்டார். அதை ஒரு பெரிய தர்மமாக எல்லோரும் பேசிக்கொள்வார்கள். "உசிரு போற எடத்துல மேஸ்திரி வெளையாட மாட்டாருங்க." என்ன கருணை!

அவர் சொன்ன யோசனைகள் எதுவும் பொய்யில்லை. என் வயிற்றெரிச்சலே அதுதான். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே சுண்ணாம்பு கட்டிப் போகும், ஏரித் தண்ணீரை வடிகட்டி ஊற்று என்பார். பெட்ரோலை வேட்டித் துணியை இரண்டாக மடித்து அதன் வழியாக ஊற்றச் சொல்வார். வண்டி கொதித்து நின்றால் மூடியைத் திறக்காதே, ஆறும்வரை காத்திரு, ஆறுவதற்கு முன்னால் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இரும்பு விரிசல் விட்டுப்போகும் என்பார். ரேடியேட்டர் கசிந்தால் ஒரு கை மஞ்சள்தூளைப் போடு, ஊர் போய்ச் சேரும்வரை தாங்கும் என்பார். சக்கரத்து நட்டை வரிசையாக முடுக்காதே, எதிரும் புதிருமாக முடுக்கு என்பார். எஞ்சின் எண்ணெயை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார், மணல் தட்டினால் அன்றைக்கே மாற்று என்பார். வண்டியைத் தொட்டே பார்க்காத நான் இன்றைக்கும் இதையெல்லாம் மறக்கவில்லை. ஆனால் இவை எதையும் அவர் முன்கூட்டிச் சொன்னதில்லை. கெட்ட பிறகுதான் சொல்வார்.

ஒரு தடவை திருச்செங்கோட்டிலிருந்து வெண்ணெய் வியாபாரி ஒருவர் புது வண்டியோடு வந்திருந்தார். ஐம்பது வயசு, நல்ல உடம்பு. அந்தக் காலத்து வண்டியை முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து ஒரே பக்கமாக வைக்க வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற சின்னப் பிடியையும் தணித்து வைக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மறந்தாலும் ஹேண்டில் திரும்பி அடித்துவிடும். வெண்ணெய்க்காரருக்கு இரண்டுமே தெரியாது. அம்மிக் குழவியைப் பிடிப்பதுபோல முழுக்கையாலும் இறுக்கிப் பிடித்தார். மேஸ்திரி பார்த்துக்கொண்டேயிருந்தார். வெற்றிலை மென்ற வாய் நிற்கவேயில்லை. ஹேண்டில் திரும்பி அடித்தது. மணிக்கட்டு முறிந்த சத்தம் வண்டிக்குள் இருந்த என் காது வரை கேட்டது.

அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போன பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை. "ஏனுங்க, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னுங்க கொறஞ்சு போயிரும்?" என்று கேட்டேன்.

"சொன்னாக் காது கேக்குமுங்க அம்மிணி. கை கேக்கோணுமே" என்றார், அதே தணிந்த குரலில்.

இதை அங்கே நின்றவர்கள் எல்லாரும் தலையாட்டி ரசித்தார்கள். அவர்களில் ஒருவர் தன் முழங்கையைத் திருப்பி, ஹேண்டில் அடித்த பழைய கோணலைப் பெருமையாகக் காட்டினார். வெண்ணெய்க்காரரும் கட்டுப் பிரித்த கையோடு மறுபடி அங்கேதான் வந்தார். வேறு யாரிடம் போவது? சேலத்தில் பட்டறைகள் இருந்தன. அங்கே வேலை செய்த வண்டி மாதம் திரும்பாமல் படுத்துக்கொண்டது. இவரிடம் அடி வாங்கினவர்களின் வண்டி ஓடியது.

எங்கள் வீட்டுக்காரர் நல்லவர். நல்லவர் என்றால் ஏமாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் எதைச் சொன்னாலும் நம்புவார். ஆடு விற்கிறவன் இது சினை ஆடு என்றால் சினை ஆடுதான். மேஸ்திரி ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லைதான். அதனால் மேஸ்திரிக்கு அவர்மேல் தனி ருசி. மற்றவர்களுக்கு ஒன்று வைத்தால் இவருக்கு இரண்டு வைத்தார். மல்லூர் தாண்டி நின்றோம், சந்தைக்குப் போகிற வழியில் நின்றோம், கல்யாணத்துக்குப் போகும்போது பட்டுப்புடவையோடு நின்றோம். ஒவ்வொரு தடவையும் இவர் திரும்பிப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பட்டறையில் இருப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மேஸ்திரி சிரிக்கமாட்டார். "நம்பறதுக்குக் கோயலு இருக்குதுங்க மொதலாளி. வண்டியப் பாக்கத்தானுங்க வேணும்" என்பார்.

ஒருநாள் மேச்சேரியிலிருந்து பெட்டி நிறைய ஆடு ஏற்றிக்கொண்டு வரும்போது பிளக்கைச் சுத்தம் செய்யப் பட்டறையில் நிறுத்தினார். மேஸ்திரி பிளக்கைத் துடைத்துப் போட்டார். பின்கதவின் கொக்கியை எடுத்துவிட்டார். நான் அன்றைக்கு வண்டியில் இல்லை, வீட்டுக்காரர் வந்துதான் சொன்னார். ஒரு மேட்டில் ஏறும்போது கதவு திறந்துகொண்டது. ஆடுகள் ஒவ்வொன்றாக ரோட்டில் குதித்தன. சத்தம் கேட்டு இவர் இறங்கிப் பார்த்தால், வந்த வழியெல்லாம் காலொடிந்த ஆடுகள் கிடந்து கத்துகின்றன. பின்னால் வந்த வண்டிக்காரர்கள் அறுத்துத் தின்னக் கேட்டார்கள். காலொடிந்தது பிழைக்காது என்று, அத்தனை ஆட்டுக்கும் அன்றைக்கு இவர் ஒருவராகக் கழுத்தை அறுக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்தபோது முழங்கை வரை ரத்தம் காய்ந்திருந்தது. மகள் பயந்துபோய் என் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"அந்தாள்கிட்டப் போயிக் கேக்கலீங்களா?" என்றேன்.

"கேட்டேன். கொக்கியப் பாக்காதவன் ஆட்ட ஏத்தப்படாதுங்கறாரு" என்றார். முழங்கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே, "அவரு சொல்றதும் நெசந்தானே புள்ள" என்றார்.

அன்றைக்குத்தான் இவர் மாறினார். நான் கல்யாணம் செய்துகொண்ட மனிதர் அந்த மேட்டிலேயே இறங்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு எதையும் நம்பவில்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். ஒரு சுற்றுப் பார்த்து முடித்ததும், முதலில் பார்த்தது சரியாகப் பார்த்தோமா என்று மறுபடி பார்ப்பார். வீட்டிலும் அப்படியே. கிணற்றுக் கயிற்றை இழுத்துப் பார்ப்பார். மாட்டின் தும்பை அவிழ்த்து மறுபடி கட்டுவார். நான் மூடிய கதவைத் திறந்து மூடுவார். நான் உப்புப் போட்டேன் என்று சொன்ன குழம்பை வாயில் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் சோற்றில் ஊற்றுவார். பட்டறையில் மேஸ்திரி வைத்தது எதுவும் இவரிடம் தப்பவில்லை. வெற்றிலை வாங்கிக்கொண்டு வருவார். அதை மெல்லாமல் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் காட்டுவார். எனக்குக் கோபமாகவும் வரும், பாவமாகவும் இருக்கும்.

மகளுக்கு அப்போது ஐந்து வயது நடந்துகொண்டிருந்தது. முதலில் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். பிறகு தொண்டை வீங்கிவிட்டது. எச்சில் விழுங்க முடியாமல் அழுதாள். அழுகையிலும் சத்தம் வரவில்லை. ராசிபுரத்தில் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். உள்ளே வெள்ளையாகத் தோல் கட்டியிருந்தது. அவர் முகம் மாறிவிட்டது. "இது தொண்டை அடைப்பான். இங்க மருந்து இல்ல. சேலம் பெரியாஸ்பத்திரிக்கு இப்பவே கொண்டு போங்க. ஒரு நிமிஷம்கூட எங்கயும் நிக்காதீங்க" என்றார்.

நல்ல வெயில். வண்டி நன்றாகத்தான் ஓடியது. நான் அவளை மடியில் சாய்த்துப் பிடித்திருந்தேன். மூச்சு விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. பனமரத்துப்பட்டிப் பிரிவுக்குக் கொஞ்சம் முன்னால் ரேடியேட்டரின் ரப்பர் குழாய் வெடித்து, முன்னால் வெறும் ஆவியாகக் கிளம்பியது. அந்த இடம் பார்த்தா வெடிக்க வேண்டும்! பட்டறை கண்ணுக்கெதிரே தெரிந்தது. இவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்தார்.

மேஸ்திரி குழந்தையை ஒரு பார்வை பார்த்தார். உடனே எழுந்துவிட்டார். அவர் அவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. சைக்கிள் டியூபை வெட்டி, வெடித்த இடத்தில் சுற்றி, கம்பியால் இறுக்கி, ஆறும்வரை விசிறி, தண்ணீர் நிரப்பினார். மேல்துண்டை நனைத்து என்னிடம் கொடுத்து, "நெத்தியில போடுங்க அம்மிணி" என்றார். அதையும் சொல்லாமல் விடக்கூடாது. கையைக்கூடக் கழுவவில்லை.

"ஒண்ணுமில்லீங்க, போய்ட்டு வாங்க" என்றார்.

எங்கள் வீட்டுக்காரர் ஹேண்டிலை எடுத்தார். முன்னால் போனார். நின்றார். ஹேண்டிலைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து ரேடியேட்டருக்கு அடியில் கையை விட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. "ஏனுங்க, வேண்டாமுங்க. கெளம்புங்க" என்றேன்.

"நடுவழியில நின்னுபோச்சுன்னா?" என்றார்.

"மொதலாளி, நெசமாலுமே ஒண்ணும் வெக்கலீங்க" என்றார் மேஸ்திரி.

"அன்னைக்கும் இதேதானுங்களே சொன்னீங்க" என்றார் இவர். குரலில் கோபம் இல்லை. பிளக்குகளை ஒவ்வொன்றாகத் தொட்டார், கம்பிகளை இழுத்துப் பார்த்தார். புகைக்குழாயில் விரல் விட்டார். சக்கரத்து நட்டுகளை எதிரும் புதிருமாகச் சரிபார்த்தார். பின்கதவின் கொக்கியைப் போட்டார், எடுத்தார், போட்டார். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததால் பயம் அதிகமானது. வைத்திருக்கிறார், நன்றாக மறைத்து வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். வாய்விட்டே முணுமுணுத்தார். பெட்ரோல் வருகிற குழாயைக் கழற்றினார்.

மகளின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. என் தாவாங்கட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அலறினேன். "சாமி, கெளம்புங்க, புள்ள போயிரும், கெளம்புங்க." அவர் காதில் அது ஏறவில்லை. கழற்றிய குழாயை மறுபடி மாட்ட நேரமானது.

சட்டென்று எனக்கு ஒரு யோசனை தோன்றியது. குழந்தையோடு இறங்கி மேஸ்திரியிடம் ஓடினேன். "நீங்க ஏறி உக்காந்து ஓட்டுங்க. நீங்களே ஏறுனா அவரு நம்பீருவாரு. உங்க காலுல உழுகறேன்" என்று சொல்லி, மகளைத் தோளில் போட்டபடியே மண்டியிட்டேன்.

அவர் காலை நகர்த்திக்கொண்டார். எங்கள் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் அப்போது வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரியின் முகத்தில் இருந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பூரிப்பு. பிள்ளை பரீட்சையில் தேறியதைப் பார்க்கிற அப்பன் முகம்.

"நா ஏறுனா அவரு என்னிக்குங்க அம்மிணி கத்துக்கறது?" என்றார். "இன்னங் கொஞ்சந்தானுங்க. முடிச்சிருவாரு."

முடித்தார். கட்டைவிரலைச் சரியாகச் சேர்த்துவைத்து ஹேண்டிலைச் சுற்றினார். முதல் சுற்றிலேயே கிளம்பியது. அந்த வண்டி அன்றைக்கு ஓடினதுபோல அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை. எங்கேயும் திணறவில்லை, எதுவும் கழன்று விழவில்லை. ஊருக்குள் நுழைந்து ஆஸ்பத்திரி மதில் தெரிந்தபோது என் தாவாங்கட்டையிலிருந்து அவள் கை நழுவி விழுந்தது. விசில் சத்தம் நின்றிருந்தது. நான் சொல்லவில்லை. அவர் வாசலில் நிறுத்தி இறங்கி, நான் இறங்குவதற்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தார்.

துக்கத்துக்கு மேஸ்திரி வந்தார். சுத்தமான வேட்டி கட்டிக்கொண்டு, கூட்டத்தில் பின்னால் நின்றார். போகும்போது எங்கள் வீட்டுக்காரரிடம், "நா ஒண்ணுமில்லேன்னுதானுங்களே சொன்னேன்" என்று மட்டும் சொன்னார். அது பொய்யில்லை. அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. டாக்டர் முதலிலேயே கைவிரித்துவிட்டார், குழந்தையின் விதி அவ்வளவுதான் என்று பேசிக்கொண்டார்கள். நான் பேசியிருந்தாலும் பிள்ளை போன பொம்பளை பிதற்றுகிறாள் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

எங்கள் வீட்டுக்காரர் அதற்கப்புறம் பேச்சையே விட்டுவிட்டார். சோற்றைப் பிசைவார், இரண்டு வாய் வைப்பார், எழுந்துவிடுவார். நானும் வற்புறுத்துவதில்லை. ஆடுகள் வராமல் வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டமாகிவிட்டதால் மழைக்காலம் முடிந்ததும் மறுபடி வண்டியை வெளியே எடுத்தார். எந்தப் பட்டறைக்குப் போவார் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதே இல்லை.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தார். கால் கழுவிவிட்டு உட்கார்ந்தார். நான் சோறு போட்டேன். அவராகவே பேசினார்.

"மேஸ்திரி இன்னைக்கு எல்லாரும் இருக்கறப்பச் சொன்னாரு புள்ள. இந்த ரோட்டுல வண்டி வெச்சிருக்கறவங்கள்ல நாந்தான் ஒழுங்காப் பாக்கறவனாம். 'அன்னைக்கு நானே நின்னு எங்கண்ணால பாத்தேன், புள்ளைக்கு அப்பிடி இருந்த சமயத்துலயும் ஒண்ணுகூட உடாமப் பாத்தாரு, அவரப் பாத்துக் கத்துக்கோங்க'ன்னாரு."

நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். அவர் முகம் பளிச்சென்று இருந்தது. எனக்குக் கொன்றுவிட வேண்டும்போல ஆத்திரம் வந்தது. மேஸ்திரியை இல்லை, எதிரே உட்கார்ந்திருந்தவரை.

அவர் குழம்பை வாயில் விட்டுப் பார்க்காமலே பிசைந்து, தட்டை வழித்துச் சாப்பிட்டார். பிறகு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். மகள் போனதற்குப் பிறகு அவர் இரண்டாவது சோறு கேட்டது அன்றைக்குத்தான். போட்டேன்.